ஷூ பெட்டி மூடியில் நீ எழுதிய ஆறு சொற்கள்

இன்று ஞாயிற்றுக்கிழமை. சாப்பாட்டுப் பையைத் துவைக்கலாமென்று எடுத்தேன். இரண்டு வருஷமாகத் தோளில் தொங்குகிற பை. சாம்பார் சிந்திச் சிந்தி அடிப்பக்கம் கறுத்துப் போயிருந்தது. டிபன் பாக்ஸ் சாயாமல் நிற்பதற்காக எப்போதோ உள்ளே ஓர் அட்டை போட்டிருந்தேன். அதை உருவியதும் குப்பென்று பசை வாசனை. சோல் ஒட்டுகிற பசை, நீ நின்ற லைனின் வாசனை. அட்டையைத் திருப்பிப் பார்த்தால் உன் கையெழுத்து.

நீ போன பிறகு இந்த அட்டையை நான் தேடாத இடமில்லை. வெந்நீர் அடுப்பில் போட்டு எரித்துவிட்டாள் என்று அம்மாவைத் திட்டி, இரண்டு நாள் அவளோடு பேசாமல்கூட இருந்தேன். பாவம், அவள் எரிக்கவில்லை. தினமும் என் சோற்றுக்கு அடியிலேயே இருந்திருக்கிறது. நானே போட்டு நானே மறந்திருக்கிறேன். ஊரெல்லாம் திருத்துகிறவளுக்குத் தன் பையில் என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. நீ இருந்திருந்தால் இதை வைத்தே ஒரு மாதம் என்னை ஓட்டியிருப்பாய்.

ரிஜெக்ட் ஆன ஷூ பெட்டியின் மூடி அது. நீலப் பேனாவில் கணுக்கால் வரை ஏறுகிற ஒரு ஷூ வரைந்திருக்கிறாய். தையல் புள்ளிகூட விடவில்லை. ஷூவுக்குள் நான்கு சொற்கள், வெளியே இரண்டு. புவேதோ, புவேதெஸ், புவேதே, புவேதென் உள்ளே. போதேமோஸ், போதேய்ஸ் வெளியே. எல்லாம் ஸ்பானிஷ் சொற்கள், தமிழ் எழுத்தில். கீழே பொடியாக, ‘கரெக்டு, இதுக்கு மேல திருத்தாத’ என்று ஒரு வரி. கரெக்டு என்பது நீ எனக்கு வைத்த பேர். அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட இப்போது யாரும் இல்லை.

நாம் முதலில் பேசியது கம்பெனி பஸ்ஸில். பாரூர் நிறுத்தத்தில் நான் ஏறி உட்கார்ந்துவிட்டேன். நீ அன்றுதான் வேலைக்குச் சேருகிறாய். புதுப் புடவை, கையில் எவர்சில்வர் தூக்கு. ஏறியதும் உன்னை அடையாளம் கண்டுகொண்டேன். எங்கள் தெருவில் உன்னைத் தெரியாதவர் கிடையாது. தென்னந்தோப்பும் போர்வெல்லும் இருக்கிற வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த மருமகள் நீ. அந்த வீட்டு வயலில் என் அம்மா களை எடுத்தவள், இப்போதும் எடுக்கிறவள். அம்மாவுக்கு மோர் கொடுத்தாலும் வாசலில் நின்றபடியேதான் குடிப்பாள். சின்ன வயதில் அவளோடு போகும்போது நானும் நிற்பேன். யாரும் நில் என்று சொன்னதில்லை, யாரும் உட்கார் என்றும் சொன்னதில்லை.

பஸ்ஸில் என் பக்கத்து இடம் மட்டும்தான் காலி. நீ வந்து நின்று, ‘உக்காரலாமா?’ என்று கேட்டாய். என்னிடம் கேட்டாய். நான் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். மூன்றாவது வரிசையில் உன் வீட்டுக்காரரின் அத்தை உட்கார்ந்திருந்தார், பேக்கிங்கில் வேலை செய்கிறவர். திரும்பிப் பார்த்தார். திரும்பிப் பார்த்துக்கொண்டே இருந்தார். நீ அதைக் கண்டுகொள்ளவில்லை. கம்பெனி இருக்கிற போச்சம்பள்ளி போய்ச் சேருவதற்குள் உன் தூக்கிலிருந்து பாதி இட்லி என் வயிற்றில்.

வாசலில் நீ எனக்கு ‘நீங்க’. பஸ்ஸில் நீ எனக்கு ‘நீ’, கொஞ்ச நாளில் ‘ஏன்டி’. பஸ் படியில் கால் வைக்கும்போது என் நாக்கு தானாக மாறிக்கொள்ளும். நீ ஒரு தடவை சிரித்தாய். ‘நீ படியேறும்போது ஒருத்தி, எறங்கும்போது வேற ஒருத்திடி’ என்றாய்.

ஸ்பானிஷ் வந்தது அதற்கு அடுத்த வருஷம். நம் ஷூவை வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனிக்காரர்கள் மூன்று மாதத்துக்கு ஒரு முறை வந்து லைனைப் பார்ப்பார்கள். அவர்களுடைய இங்கிலீஷ் நம் இங்கிலீஷுக்கு மேல் மோசம். சோல் கழன்றிருக்கிறது என்று சொல்ல ஒரு மனிதர் தன் சொந்த ஷூவையே கழற்றிக் காட்டினார். அதன் பிறகுதான் ஹெச்ஆரில் முடிவு செய்தார்கள். லைனுக்கு ஓர் ஆள் வீதம் எட்டுப் பேர், வாரம் இரண்டு நாள், ஷிப்ட் முடிந்து முக்கால் மணி நேரம். டிரெயினிங் ஹாலில் பெரிய டிவி, அதில் பெங்களூரிலிருந்து ஒரு மேடம். நன்றாகப் படிக்கிற இரண்டு பேரை இருபது நாள் அந்த ஊருக்கே அனுப்புவார்கள் என்று ஒரு பேச்சும் கூடவே வந்தது. நீ என் முழங்கையைக் கிள்ளினாய். ‘ரெண்டு பேருன்னா நாம ரெண்டு பேருதான்டி’ என்றாய்.

எனக்கு மனப்பாடம் நன்றாக வரும். உனக்குக் கணக்கும் படமும் வரும், மனப்பாடம் வராது. போதேர் என்கிற சொல்லில் வந்து முட்டிக்கொண்டாய். முடியும் என்று அர்த்தம். தமிழில் முடியும் என்பது யாருக்காகவும் அசைந்து கொடுக்காது. என்னால் முடியும், உன்னால் முடியும், அவங்களால் முடியும், ஆள்தான் மாறும். அங்கே ஆளைச் சொல்லிலேயே வைத்துத் தைத்துவிடுகிறார்கள். என்னால் முடியும் என்றால் புவேதோ. உன்னால் என்றால் புவேதெஸ். அவளால் என்றால் புவேதே, அவர்களால் என்றால் புவேதென். வால் மாறுவதோடு விட்டால் பரவாயில்லை, தலையும் மாறுகிறது. போ என்று தொடங்க வேண்டியது புவே என்று கோணிக்கொள்கிறது. நம்மால் என்றால் மட்டும் பழையபடி போதேமோஸ், உங்கள் எல்லோராலும் என்றால் போதேய்ஸ்.

‘எந்தப் புண்ணியவான்டி இத உக்காந்து பண்ணது’ என்று நீ நோட்டை மூடினாய். நீ போதோ என்பாய், நான் புவேதோ என்று திருத்துவேன். நீ புவேதேமோஸ் என்பாய், நான் போதேமோஸ் என்பேன். ஒரு நாள் ஒரே பயணத்தில் பதினோரு தடவை திருத்தினேன் என்று நீயே எண்ணிச் சொன்னாய். அன்றைக்குத்தான் கரெக்டு என்று பேர் வைத்தாய்.

அந்தச் சமயத்தில்தான் கிருஷ்ணகிரி விஷயம் நடந்தது. அதைச் சொல்லாமல் இந்தக் கடிதத்தை எழுதி முடிக்க முடியாது.

ஒரு புதன்கிழமை நீ லீவு போட்டாய். அன்று உன் வீட்டுக்காரரின் அத்தையும் லீவு, அதனால் வீட்டில் வேலைக்குப் போவதாகச் சொல்லிக் கிளம்பியிருக்கிறாய். மறுநாள் என்னிடம் ‘கிருஷ்ணகிரி வரைக்கும் போய் வந்தேன்டி’ என்று மட்டும் சொன்னாய். எதுக்கோசரம் என்று கேட்டேன். ‘சும்மாதான், ஒரு வேலை’ என்றாய். நான் ஏதோ புடவை வாங்கப் போயிருப்பாய் என்று நினைத்தேன். சாயங்காலம் சோறு தின்னும்போது அம்மாவிடம் சொன்னேன். அம்மா அதைக் களை எடுக்கும்போது பேச்சோடு பேச்சாக உன் மாமியாரிடம் சொன்னாள். அதில் அவளுக்கு ஒரு கெட்ட எண்ணமும் இல்லை. ‘மருமக முந்தாநேத்து டவுனுக்குப் போயிருந்தாங்களாமே’ என்று, வெயிலைப் பற்றிப் பேசுகிற மாதிரி. அவ்வளவுதான். அன்று உன் வீட்டில் என்ன நடந்தது என்று நீ என்னிடம் சொல்லவே இல்லை. மூன்று நாள் பஸ்ஸில் வேறு சீட்டில் உட்கார்ந்தாய்.

நான்காவது நாள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாய். பையிலிருந்து இந்த மூடியை எடுத்து என் மடியில் போட்டாய். கோபமாக ஏதாவது எழுதியிருக்கும் என்று பயந்துகொண்டே பார்த்தேன். ஷூ படம்.

‘பாத்துக்கோ. இந்த நாலும் ஷூவுக்குள்ள மாட்டிக்கிச்சு. உள்ள பூந்தா அழுத்தும், அதான் கோணிக்குது. அந்த ரெண்டும் வெளிய செருப்பு போட்டுக்கினு காத்தாட நிக்குது, அதுங்களுக்கு ஒண்ணுமில்ல’ என்றாய். மனப்பாடம் வராதவள் கண்டுபிடித்த வழி. அடுத்த வகுப்பில் பெங்களூர் மேடத்திடம் அதை டிவி முன்னால் பிடித்துக் காட்டினாய். அவர் கண்ணாடியைக் கழற்றிச் சிரித்தார். ‘ஷூ கம்பெனின்னா இப்படித்தான்’ என்றார்.

மூடியைக் கொடுத்த அன்றே ஒரு சட்டமும் போட்டாய். ஏரிக்கரை வளைவு தாண்டியதும் தமிழ் நிறுத்தம். கம்பெனி கேட் வரைக்கும் ஸ்பானிஷ்தான். ஒருத்தி சொன்னதை அடுத்தவள் ஆளை மாற்றித் திருப்பிச் சொல்ல வேண்டும். நீ புவேதோ என்றால் நான் புவேதெஸ் என்று பதில் சொல்ல வேண்டும். யார் தடுமாறுகிறாளோ அவள் மறுநாள் ஜன்னல் சீட்டை விட்டுக்கொடுக்க வேண்டும்.

பரீட்சைக்காக இந்த ஏற்பாடு என்று நான் நினைத்தேன். இப்போது தெரிகிறது, அது பரீட்சைக்காக மட்டும் இல்லை. அந்த பஸ்ஸில் எதைத்தான் பேச முடியும்? தமிழில் பேசினால் உன் வீட்டுக்காரரின் அத்தை. தெலுங்கில் பேசினால் பின்சீட்டுப் பெண்கள் ஐந்து பேர். கன்னடத்தில் பேசினால் டிரைவர் கண்ணாடியில் நிமிர்ந்து பார்ப்பார். முடியல, வல்ல காது, ஆகல்ல, மூன்றும் அந்த பஸ்ஸுக்கு அத்துப்படி. எந்த மொழியில் வாயைத் திறந்தாலும் நமக்கு முன்னால் அது ஊருக்குப் போய்ச் சேர்ந்துவிடும். போதாததற்கு என் வாயும் ஓட்டை என்று உனக்குத் தெரிந்துபோயிற்று. ஸ்பானிஷ் ஒன்றுதான் யாருக்கும் புரியாத மொழி. என் அம்மாவுக்கும் புரியாது, உன் மாமியாருக்கும் புரியாது.

முதலில் எல்லாம் விளையாட்டுதான். அவர்கள் ஆமாம் என்பதற்கு சீ என்கிறார்கள். நான் சீ, சீ என்று சொல்லச் சொல்ல உன் அத்தை நாம் சண்டை போடுகிறோம் என்று நினைத்து வீட்டில் போய் சந்தோஷமாகச் சொல்லியிருக்கிறார். நீ என் டிபனைப் பார்த்து ‘புவேதோ?’ என்பாய், எடுத்துக்கலாமா என்று. ‘புவேதெஸ்’ என்பேன். என் கருவாட்டுக் குழம்பு உன் வீட்டில் கிடைக்காதே. விரலை நக்கிக்கொண்டே ஆறு வடிவத்தையும் வரிசையாகச் சொல்வாய்.

பிறகு நீ ‘நோ புவேதோ’ சொல்ல ஆரம்பித்தாய். என்னால் முடியவில்லை.

எப்போது ஆரம்பித்தாய் என்று நினைத்து நினைத்துப் பார்க்கிறேன், சரியாகப் பிடிபடவில்லை. மழைக்காலத்தில் என்று மட்டும் தெரிகிறது. ஓடி வந்து பஸ் ஏறியதும், மார்பில் கை வைத்துக்கொண்டு, ‘நோ புவேதோ’ என்பாய். நான் சட்டப்படி ‘சீ, புவேதெஸ்’ என்பேன். முடியும், உன்னால் முடியும். சாயங்காலம் எட்டு மணி நேரம் நின்று பசை தடவிய காலோடு வந்து, ‘நோ புவேதோ.’ ‘சீ, புவேதெஸ்.’ நீ சிரிப்பாய். நான் ஜெயிப்பேன். உன்னால் தொடர்ந்து பதில் பேச முடியாமல் போய்விடும், மூச்சு வாங்கும். தடுமாறினாய் என்று நான் கணக்கில் வைப்பேன். மறுநாள் ஜன்னல் எனக்கு.

ஒரு தடவை நீ ‘நோ போதோ’ என்றாய். அவ்வளவு சோர்விலும் நான் விடவில்லை. ‘ஷூவுக்குள்ள போடுடி, புவேதோ’ என்றேன். நீ கண்ணை மூடிக்கொண்டு திருத்திச் சொன்னாய்.

கடைசி நாள் வியாழக்கிழமை. வெளிநாடு போவதற்கு நம் இரண்டு பேர் பேரும் பலகையில் ஒட்டியிருந்தார்கள். அடுத்த வாரம் மெடிக்கல் செக்கப். நான் பஸ்ஸில் ஏறியதிலிருந்து அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தேன், என்ன பெட்டி வாங்குவது, அங்கே குளிருமா என்று. நீ சந்தோஷமாகத்தான் இருந்தாய், ஆனால் பேசவில்லை. மெடிக்கல் என்றதும், ‘பாத்துக்கலாம்’ என்றாய். ஏரிக்கரை வளைவு தாண்டியது. நீ மூன்று தடவை சொன்னாய். மூன்று தடவையும் நான் சட்டப்படி பதில் சொன்னேன். அப்புறம் நீ ஜன்னலைக் காட்டி, ‘புவேதோ?’ என்று கேட்டாய். நான் அந்தப் பக்கம் வரலாமா என்று.

முந்தின நாள் தோற்றது நீ. ஜன்னல் என்னுடையது. நான் விரலை ஆட்டி, ‘நோ புவேதெஸ்’ என்றேன்.

உன்னிடம் நான் கடைசியாகச் சொன்னது அதுதான். அதற்குப் பிறகு நீ என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாய், கேட் வந்ததும் உன் லைனுக்குப் போனாய். சாயங்காலம் எனக்கு ஓவர்டைம், நீ முதல் பஸ்ஸில் போய்விட்டாய்.

வெள்ளிக்கிழமை நீ பஸ்ஸுக்கு வரவில்லை. பையைப் பக்கத்து சீட்டில் வைத்து இடம் பிடித்துக்கொண்டே போனேன். மத்தியானம் கேன்டீனில் உன் அத்தைக்குப் போன் வந்தது. அவர் தட்டைக் கீழே போட்ட சத்தம்தான் எனக்கு முதலில் கேட்டது.

உன் வாசலில் நான் அம்மாவோடு, எங்கள் தெரு ஆட்களோடு, மாட்டுக்கொட்டகைப் பக்கம் நின்றேன். உன் அம்மா உன்மேல் விழுந்து அழுதார். அந்த அழுகையில்தான் எல்லாம் வெளியே வந்தது. சின்ன வயதில் மூட்டுக் காய்ச்சல் வந்து உன் இதயத்தில் வால்வு சுருங்கியிருக்கிறது. இருபத்தொரு நாளுக்கு ஒரு ஊசி. கல்யாணத்துக்கு முன்னால் மாப்பிள்ளை வீட்டில் சொல்ல வேண்டாம் என்று மறைத்திருக்கிறார்கள். அப்புறம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் போய்விட்டது. ஊசிக்காகத்தான் நீ கிருஷ்ணகிரிக்குத் திருட்டுத்தனமாகப் போயிருக்கிறாய். நான் என் அம்மாவிடம் உளறிய பிறகு அந்தப் போக்குவரத்தும் நின்றுபோயிற்று. உன் மாமியார் உன்னைத் தனியாக டவுனுக்கு விடவே இல்லை, பஸ்ஸிலும் அத்தையின் கண் உன்மேலேயே. ‘ஊசி போட்டுக்கினியான்னு கேட்டா ஆச்சும்மா, ஆச்சும்மான்னியே’ என்று உன் அம்மா மார்பில் அடித்துக்கொண்டார்.

 அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கும் புரிந்துவிட்டது. இன்று வரைக்கும் நானும் அவளும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதில்லை.

எல்லாம் முடிந்து கூட்டம் கலையும்போது உன் வீட்டுக்காரர் என்னிடம் வந்தார். தலை முழுகிய ஈரம் சொட்டிக்கொண்டிருந்தது. ‘ஏம்மா, நோ புவேதோன்னா இன்னா? ரெண்டு மாசமா அதையே சொல்லிக்கினு இருந்தா. நீங்க ரெண்டு பேரும்தான அந்தப் பாஷை படிச்சீங்க’ என்று கேட்டார்.

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். பக்கத்தில் உன் மாமியார், பின்னால் அத்தை, சுற்றிலும் ஊர். ‘ஒண்ணுமில்லைங்க. பாடம்ங்க’ என்றேன்.

அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார். நான் பொய் சொன்னது அவருக்காக என்று ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவருக்காக இல்லை. அர்த்தத்தைச் சொன்னால், உனக்குத் தெரிஞ்சிருந்துதே, நீ இன்னாம்மா பண்ணே என்று அடுத்த கேள்வி வரும். அந்தக் கேள்விக்குப் பயந்துதான் சொன்னேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை வகுப்பு. டிவியில் பெங்களூர் மேடம் உனக்காக ஒரு நிமிஷம் பேசாமல் இருந்தார். பிறகு புதுப்பாடம் எடுத்தார். டாக்டரிடம் போனால் எப்படிப் பேசுவது என்ற பாடம். வலிக்கிறது என்பதற்கு துவேலே. தலை, வயிறு, மார்பு, ஒவ்வொன்றாக வைத்துச் சொல்லச் சொன்னார். நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன். ஒரு வாரம் முந்தி இந்தப் பாடத்தை எடுத்திருந்தால் உன்னிடம் இன்னும் கொஞ்சம் சொற்கள் இருந்திருக்கும். உன்னிடம் அந்த ஒரு சொல்தான் இருந்தது, அதை வைத்துக்கொண்டு எவ்வளவு தடவை தட்டினாய்.

வெளிநாட்டுக்கு நான் போனேன். உன் இடத்துக்குத் தையல் பிரிவிலிருந்து வேறொரு பெண் வந்தாள். போக மனமில்லை என்று சொன்னால் அது பொய், ஆசையும் இருந்தது. விமானத்தில் ஜன்னல் சீட்டு கிடைத்தது. அதை அந்தப் பெண்ணிடம் கொடுத்துவிட்டு நடுவில் உட்கார்ந்தேன்.

அங்கேயும் பசை வாசனை அதேதான். பிலார் என்று ஒரு பெண், ஐம்பது வயது இருக்கும், எனக்கு லைனைச் சுற்றிக் காட்டினாள். ஒன்பதாவது நாளோ பத்தாவது நாளோ, எங்களுக்கு எதிரில் சோல் ஒட்டிக்கொண்டிருந்த ஒரு பெண் பிரஷ்ஷைக் கீழே வைத்தாள். சாதாரணமாக, சத்தம்கூட இல்லாமல், ‘நோ புவேதோ’ என்றாள்.

என் வாயில் பதில் வந்துவிட்டது. சீ என்ற எழுத்து பல்லில் நின்றது. அதற்குள் பிலார் தன் காலடியிலிருந்த ஸ்டூலை இழுத்து அந்தப் பெண்ணுக்குப் பின்னால் போட்டாள். உட்கார் என்றாள். வேறு ஒன்றும் கேட்கவில்லை. இன்னொருத்தி தண்ணீர் கொண்டுவந்தாள். பிரஷ்ஷை எடுத்து பிலாரே நாலு ஜோடிக்குப் பசை தடவினாள். கொஞ்ச நேரத்தில் அந்தப் பெண் எழுந்து தன் வேலையைப் பார்க்க ஆரம்பித்தாள். அவ்வளவுதான் நடந்தது.

நான் பாத்ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அந்தச் சொல்லுக்கு ஒரு ஸ்டூல் கொடுத்தால் போதும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை, அது தமிழிலேயே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். என் அம்மா முடியல என்றால் நான் உன்னால முடியும் என்று திருத்துவேனா? பாயை விரிப்பேன். உனக்கு மட்டும் நான் பரீட்சை வைத்தேன்.

திரும்பி வந்தும் மாதங்கள் ஓடிவிட்டன. உன் வீட்டுப் பக்கம் போகாமல் சுற்று வழியில் போய்க்கொண்டிருந்தேன். இன்று காலையில் இந்த மூடி கிடைத்தது. கொடியில் பையைக் காயப்போட்டேன். மூடியை ஒரு துணியில் சுற்றிக்கொண்டு உன் வீட்டுக்கு நடந்தேன்.

உன் வீட்டுக்காரர் மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தார். இளைத்திருக்கிறார். நான் வாசலில் வழக்கமான இடத்தில் நின்றேன். ‘இது அவங்க எழுதினதுங்க’ என்று நீட்டினேன். பார், அந்த வாசலில் நீ இல்லாதபோதும் எனக்கு ‘அவங்க’தான். அவர் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். ஷூவைப் பார்த்து லேசாகச் சிரித்தார். விரலை வைத்து எழுத்துக் கூட்டினார்.

‘புவேதோ. இதத்தான சொல்லிக்கினே இருப்பா.’

‘அன்னிக்கு உங்ககிட்ட பொய் சொல்லிட்டேங்க. பாடம் இல்லைங்க அது. நோ புவேதோன்னா, என்னால முடியலன்னு அர்த்தம்ங்க. எங்கிட்டயும் பஸ்ல தெனமும் சொல்லுவாங்க. நான் வெளையாட்டுன்னு நெனச்சிட்டேன்.’

 மாடு தவிட்டுத் தொட்டியை முட்டியது, அவர் அதை விலக்கவில்லை. ‘விடியக்காலம் வாசல் கூட்டிக்கினே சொல்லுவா’ என்றார். ‘தொடப்பத்த புடிச்சிக்கினு நின்னுடுவா. படிச்சது போதும், சீக்கிரம் கோலத்த போடுன்னு சிரிப்பேன். அவளும் சிரிப்பா.’ மூடியைத் திருப்பினார், மறுபடி திருப்பினார். ‘அப்ப எங்கிட்டயும் சொல்லியிருக்கா.’

நான் இதை யோசித்ததே இல்லை. நீ என்னிடம் மட்டும் சொன்னாய், நான் மட்டும் கேட்கவில்லை என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். உன் வீட்டிலும் சொல்லியிருக்கிறாய். புரிந்துவிடுமோ என்ற பயத்தில் அவருக்குப் புரியாத மொழியில், ஆனாலும் சொல்லியிருக்கிறாய். உன்மேல் எனக்கு அந்த நிமிஷம் அப்படி ஒரு கோபம் வந்தது. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை தமிழில் சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதாடி.

‘அதுக்கு இன்னா பதில் சொல்லணும்?’ என்று கேட்டார். நிஜமாகத்தான் கேட்டார், இனிமேல் எப்போதாவது தேவைப்படும் என்பது போல.

‘உக்காருன்னு சொல்லணுங்க.’

அவர் மூடியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு உள்ளே போனார். சிவப்பு பிளாஸ்டிக் சேர் ஒன்றைத் தூக்கி வந்தார். தோளில் கிடந்த துண்டால் துடைத்தார். எனக்கு முன்னால் வைத்தார். கதவருகில் உன் மாமியார் நின்றிருந்தார். சேரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

‘உக்காரும்மா’ என்றார் உன் வீட்டுக்காரர்.

நான் நின்றுகொண்டே இருந்தேன். உன் மாமியார் உள்ளே போய்விட்டார். சம்மதமா, கோபமா, எனக்குத் தெரியாது. உன் வீட்டுக்காரர் சேரின் முதுகைப் பிடித்துக்கொண்டே நின்றார். உட்கார்ந்தேன். அந்த வாசலில் நான் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. கொஞ்ச நேரம் கழித்து அவரும் படியில் உட்கார்ந்தார். இருவரும் அழுதோம், தனித்தனியாக.

மூடியை அவரிடமே விட்டுவிட்டு வந்தேன். பை காய்ந்துவிட்டது. நாளைக்கு அடியில் வேறு அட்டை போட வேண்டும்.

இப்போது பஸ்ஸில் யார் என்னிடம் முடியலக்கா என்றாலும், விளையாட்டாகச் சொன்னாலும், இன்னா முடியல, சொல்லு என்று கேட்கிறேன். சிலர் சலித்துக்கொள்கிறார்கள். சலித்துக்கொள்ளட்டும். நான் ஜன்னல் பக்கம் உட்காருவதில்லை. அந்த இடத்தில் பையை வைத்துக்கொண்டு உள்பக்கம்தான் உட்காருகிறேன். ஏரிக்கரை வளைவு தாண்டியதும் பையை எடுத்து மடியில் வைத்துக்கொள்கிறேன். நீ கடைசியாக ஜன்னலைக் காட்டி ஒன்று கேட்டாயே, அதற்கு என் பதிலை மாற்றிக்கொள்கிறேன். புவேதெஸ்டி. உக்காரு.